மேடா, முள்ளா: ரத்தப் புரத அறிக்கையைப் படிப்பது எப்படி?

முழு உடல் பரிசோதனை அறிக்கை வருகிறது. சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கல்லீரல் பரிசோதனைப் பகுதியில் மட்டும் ஒரு வரி தடித்த எழுத்தில் நிற்கிறது: மொத்தப் புரதம் 8.9. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அதற்கு என்ன காரணம் என்று இணையத்தில் தேடப்போனால் இரண்டாவது பக்கத்திலேயே 'மல்டிபிள் மைலோமா' என்ற ரத்தப் புற்றுநோயின் பெயர் எதிரே வந்து நிற்கும். அன்றைய தூக்கம் போச்சு.

அந்த அம்புக்குறிக்கும் அந்தப் பெயருக்கும் நடுவே நாலைந்து வாசல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் முதல் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். சில நேரம், தேவையான இடத்தில் அக்கறை கூடவும் செய்யும்.

முதல் வேலை ஒரு கழித்தல் கணக்கு. ரத்தத்தில் உள்ள புரதம் ஒரே பொருள் இல்லை. அதில் பெரும்பங்கு அல்புமின், கல்லீரல் தயாரிப்பது. மீதி எல்லாவற்றையும் சேர்த்துக் குளோபுலின் என்கிறோம். மொத்தப் புரதம் 8.9, அல்புமின் 3.9 என்றால் குளோபுலின் 5.0 கிராம், அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறினாலும், குளோபுலினுக்கு மேல்வரம்பு ஏறக்குறைய 3.5. இந்தக் கழித்தல் விடை 4-ஐத் தாண்டினால் அடுத்த கேள்வியைக் கேட்கலாம் என்பது பல மருத்துவர்கள் கையாளும் எளிய அளவுகோல். அறிக்கையில் 'ஏ/ஜி விகிதம்' என்று இருப்பதும் இதே கணக்கின் இன்னொரு வடிவம்தான். அல்புமினைக் குளோபுலினால் வகுத்தது. விகிதம் 1-க்குக் கீழே போனால் குளோபுலின் கூடியிருக்கலாம், அல்புமின் குறைந்திருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம். அதனால் விகிதத்தை மட்டும் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை. இரண்டு எண்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அல்புமினும் குளோபுலினும் சேர்ந்தே கொஞ்சம் ஏறியிருந்தால், முதலில் நினைக்க வேண்டியது தண்ணீர். வாந்தி, வயிற்றுப்போக்கு, நல்ல வெயிலில் தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தது என எதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் குறைந்தால் மற்றதெல்லாம் அடர்த்தியாகும். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தாலும் எண் கொஞ்சம் ஏறும். இதற்கெல்லாம் மறுபரிசோதனையே போதும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பதால்: பருப்பு, முட்டை, புரதப் பொடி நிறையச் சாப்பிட்டதால் ரத்தத்தில் குளோபுலின் ஏறாது. சாப்பிடும் புரதம் வேறு, ரத்தத்தில் ஓடும் இந்தப் புரதங்கள் வேறு. சாப்பாட்டைக் குறைத்து இந்த எண்ணை இறக்க முயல்வது வீண் பட்டினி.

சரி, அல்புமின் சரியாக இருக்கிறது, குளோபுலின் மட்டும் ஏறியிருக்கிறது. இப்போதுதான் உண்மையான விஷயம் தொடங்குகிறது.

குளோபுலின்களில் பல வகை இருந்தாலும், எண்ணை இப்படித் தூக்கிவிடுவது பெரும்பாலும் எதிர்ப்புப் புரதங்கள்தான், அதாவது ஆன்டிபாடிகள். இவற்றைத் தயாரிப்பவை பிளாஸ்மா செல்கள். வெள்ளையணுக் குடும்பத்தைச் சேர்ந்த இவை எலும்பு மஜ்ஜைக்குள் குடியிருப்பவை. ஒரு பிளாஸ்மா செல்லுக்கு ஒரே ஒரு ஆன்டிபாடிதான் செய்யத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதையே செய்யும். ஆரோக்கியமான உடம்பில் எண்ணற்ற குடும்பங்களைச் சேர்ந்த பிளாஸ்மா செல்கள் இருப்பதால், ரத்தத்தில் எண்ணற்ற வகை ஆன்டிபாடிகள் கலந்து ஓடுகின்றன.

ஊரே சேர்ந்து பேசினாலும் சத்தம் ஏறும். ஒரே ஆள் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினாலும் சத்தம் ஏறும். குளோபுலின் எண் சத்தத்தின் அளவை மட்டும் சொல்கிறது. கத்துவது ஊரா, ஒற்றை ஆளா என்பது அதற்குத் தெரியாது. பிளாஸ்மா செல் நோய்களைப் பொறுத்தவரை முழு விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வரைபடத்தில் தெரிவது

அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரஸிஸ். ஸ்வீடனின் உப்சாலாவில் ஆர்னே திசேலியஸ் 1937-இல் மின்சாரத்தைக் கொண்டு ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று குளோபுலின்களை இன்றும் அழைக்கிறோமே, அந்தப் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. இன்றைய ஆய்வகத்தில் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, ஜெல்லிலோ நுண்குழாயிலோ வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அல்புமின் முன்னால் ஓடிவிடும். ஆன்டிபாடிகள் கடைசியில், காமா பகுதியில் தங்கும். முடிவு ஒரு வரைபடமாக வரும்.

அந்த வரைபடத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இடது ஓரத்தில் ஒல்லியாக உயர்ந்த கோபுரம் அல்புமின். அப்புறம் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள்: ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு, பீட்டா. வலது ஓரத்தில் அகலமான, தாழ்வான ஒரு மேடு இருக்கும். அதுதான் காமா. அது ஏன் அகலமாக இருக்கிறது? பல வகை ஆன்டிபாடிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான வேகத்தில் ஓடி, பரவலாக நிற்பதால். மேடு அகலமாகவே இருந்து உயரம் மட்டும் கூடினால், ஊரே பேசுகிறது என்று பொருள். மருத்துவ மொழியில் பாலிகுளோனல். ஆனால் அந்த மேட்டின் நடுவிலிருந்து ஊசி போல ஒரு முள் கிளம்பினால், ஒரே மாதிரியான மூலக்கூறுகள் ஒரே இடத்தில் போய்க் குவிந்திருக்கின்றன. ஒரே குடும்பத்துச் செல்கள் பெருகி, ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. இது மோனோகுளோனல். அறிக்கையில் 'எம் ஸ்பைக்' அல்லது 'எம் பேண்ட்' என்று எழுதி, பக்கத்தில் அதன் அளவையும் கொடுப்பார்கள்.

மேடு உயர்ந்திருந்தால் தேட வேண்டிய இடங்கள் வேறு. நாள்பட்ட கிருமித்தொற்றுகள், காசநோய், எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. உடலே உடலைத் தாக்கும் நோய்களில் ஷோக்ரன், லூபஸ், முடக்குவாதம். கல்லீரல் சுருக்கத்தில் ஒரு தனி அடையாளம் உண்டு: பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் தூர்ந்து, இரண்டும் ஒரே சரிவாகிவிடும். இவையெல்லாம் கவனிக்க வேண்டிய நோய்கள்தான். ஆனால் மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோய் அல்ல. இதில் ஒரு முரண் இருக்கிறது. குளோபுலின் 6-ஐத் தொட்டவருக்கு மேடு மட்டும் இருக்கலாம். குளோபுலின் 3.1 என்று நல்ல பிள்ளையாக இருப்பவரின் வரைபடத்தில் 0.6 கிராம் முள் ஒன்று ஒளிந்திருக்கலாம். மைலோமா கோணத்தில் மட்டும் பார்த்தால் இரண்டாமவரைத்தான் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

எல்லா முள்ளும் நிஜ முள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் முழுதாக உறைவதற்குள் பிரித்துவிட்டால், உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் தங்கிப்போய் ஒரு பொய்யான பட்டையைக் காட்டும். மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் அப்படித்தான். வேறு நோய்க்காக மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து எடுத்துக்கொள்பவரின் ரத்தத்தில் அந்த மருந்தே சின்ன முள்ளாகத் தெரியக்கூடும். மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல இது இன்னொரு காரணம். அதனால் முள் தெரிந்தவுடன் அடுத்ததாக இம்யூனோஃபிக்ஸேஷன் என்ற பரிசோதனையைச் செய்கிறார்கள். முள் நிஜமா, நிஜமென்றால் எந்த வகை என்பதை இது சொல்லும். 'ஐஜிஜி கப்பா', 'ஐஜிஏ லாம்டா' என்றெல்லாம் வருவது இதன் முடிவுதான்: முதல் பாதி ஆன்டிபாடியின் வகை, அடுத்தது அதன் சிறிய துண்டான லைட் செயினின் வகை. கப்பா, லாம்டா என்ற பெயர்கள் 1956-இல் இந்தப் புரதங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டிய கார்ன்கோல்ட், லிப்பாரி என்ற இருவரின் பெயர்களின் முதலெழுத்திலிருந்து வந்தவை. கிரேக்க எழுத்துக்குள் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொதித்தால் கரையும் புரதம்

1845-இல் லண்டனில் ஒரு மளிகை வணிகர் எலும்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தார். வயது நாற்பதுகளின் நடுவில். அவருடைய சிறுநீரில் விசித்திரமான ஒன்றை மருத்துவர் வில்லியம் மெக்கின்டயர் கவனித்தார். சூடாக்கினால் கலங்கும்; கொதிக்க வைத்தால் தெளிந்துவிடும்; ஆறினால் மறுபடி கலங்கும். சாதாரணப் புரதம் முட்டை வெள்ளை மாதிரி: ஒருமுறை வெந்தால் வெந்ததுதான். மெக்கின்டயர் மாதிரியை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் அறிந்த மருத்துவருக்கு அனுப்பினார். நோயாளி 1846-ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்துபோனார். அந்தப் புரதத்துக்குப் பென்ஸ் ஜோன்ஸ் பெயர் நிலைத்தது. முதலில் பார்த்த மெக்கின்டயரைப் பலருக்குத் தெரியாது. அந்தப் புரதம் என்ன என்று தெளிவாக நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆன்டிபாடியின் சிறிய துண்டான லைட் செயின்தான் அது என்று 1962-இல் எடெல்மனும் கேலியும் காட்டினார்கள்.

இந்தப் பழைய கதையில் இன்றைக்கும் செல்லுபடியாகும் ஒரு பாடம் இருக்கிறது. சில பிளாஸ்மா செல் கூட்டங்கள் முழு ஆன்டிபாடியைச் செய்வதே இல்லை. லைட் செயினை மட்டும் கொட்டும். அது சின்ன மூலக்கூறு என்பதால் சிறுநீரகம் வழியாகச் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். ரத்தத்தில் தேங்காததால் மொத்தப் புரதம் ஏறாது. வரைபடத்தில் முள்ளும் தெரியாமல் போகலாம். மைலோமா நோயாளிகளில் ஆறு பேரில் ஒருவருக்கு ஏறக்குறைய இந்த வகைதான். சிறுநீரில் முக்கி எடுக்கும் பட்டையும் இதைத் தவறவிடும், ஏனென்றால் அது முக்கியமாக அல்புமினைத்தான் பிடிக்கும். பட்டையில் புரதம் இல்லை என்று வந்து, 24 மணி நேரச் சிறுநீரில் நிறையப் புரதம் வந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

இதற்காகவே சீரம் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனை வந்தது. அறிக்கையில் மூன்று எண்கள் இருக்கும்: கப்பா, லாம்டா, இரண்டின் விகிதம். பரவலாகப் பயன்படும் முறையில் விகிதத்தின் இயல்பு வரம்பு 0.26 முதல் 1.65 வரை. இந்த அறிக்கைதான் மனிதரை அதிகம் குழப்புகிறது என்பது என் எண்ணம். கப்பா 38, லாம்டா 29, இரண்டுக்கும் பக்கத்தில் அம்புக்குறி. பார்த்தவுடன் வயிறு கலங்கும். வகுத்துப் பாருங்கள்: 1.31. விகிதம் இயல்பு. இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கின்றன என்றால் மறுபடியும் ஊரே பேசுகிறது. அழற்சியாக இருக்கலாம், சிறுநீரகம் மெதுவாக வடிகட்டுவதாக இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விகிதமே கொஞ்சம் மேலே நகரும் என்பதால் அவர்களுக்கு வரம்பை 3 வரை தளர்த்திப் பார்ப்பது வழக்கம். அப்புறம் அலகு. சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராமிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் கொடுக்கும். போன வருடம் 3.8, இந்த வருடம் 38 என்றால் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அலறும் முன் அலகைப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாகவே இருக்கலாம்.

முள் நிஜம் என்று உறுதியானால்

இங்கே வந்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பெயர் மைலோமா அல்ல, எம்ஜியுஎஸ். 'என்ன ஆகும் என்று தீர்மானிக்க முடியாத மோனோகுளோனல் நிலை' என்று தமிழில் சொல்லலாம். 1978-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ராபர்ட் கைல் இந்தப் பெயரை வைத்தார். அதற்கு முன் இதைத் தீங்கற்றது என்றே அழைத்துவந்தார்கள். தன் நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த கைல், சிலருக்கு அது தீங்காக மாறியதைப் பார்த்து, முன்கூட்டியே தீர்ப்பு எழுத மறுத்தார். பெயரே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்: இப்போது பார்த்துச் சொல்ல முடியாது, காத்திருந்துதான் சொல்ல முடியும்.

முள் 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழே, உறுப்புகளுக்குச் சேதம் இல்லை என்றால் அது எம்ஜியுஎஸ். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓல்ம்ஸ்டெட் கவுன்ட்டி மக்களிடம் செய்த ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும், 70-ஐத் தாண்டியவர்களில் 5.3 சதவீதத்தினருக்கும் இது இருந்தது. கறுப்பின மக்களிடம் இது இன்னும் அதிகம். மைலோமா போன்ற நோயாக மாறும் வாய்ப்பு வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம். 2009-இல் வந்த ஆய்வுகள், மைலோமா வந்தவர்கள் அனேகமாக எல்லோருக்கும் அதற்கு முன்பே இந்த நிலை இருந்திருக்கிறது என்று காட்டின. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மைலோமாவெல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. ஆனால் வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் உள்ளே போவதில்லை. வேறு ஏதோ காரணத்தால், வேறு ஏதோ வயதில் காலமாகிறார்கள்.

அந்த 1 சதவீதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. முள் 1.5 கிராமுக்குக் கீழே, வகை ஐஜிஜி, லைட் செயின் விகிதம் இயல்பு என்று மூன்றும் சாதகமாக இருந்தால் 20 வருடங்களில் மாறும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். மூன்றும் எதிராக இருந்தால் 58 சதவீதம். முதல் வகையினருக்கு மஜ்ஜைப் பரிசோதனையே உடனே தேவைப்படாமல் போகலாம். ஆறு மாதத்தில் ஒருமுறை மறுபடி பார்த்து, நிலையாக இருந்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பதே நடைமுறை. மற்றவர்களை வருடா வருடம் வரச் சொல்வார்கள்.

முள் 3 கிராமைத் தொட்டாலோ மஜ்ஜையில் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, உறுப்புச் சேதம் இல்லாதவரை அது புகையும் மைலோமா. தீ இன்னும் பிடிக்கவில்லை. முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் பேருக்கு அது மைலோமாவாக மாறும், அதன் பிறகு வேகம் குறையும். தீ பிடித்ததற்கான அடையாளங்கள் நான்கு: கால்சியம் 11-ஐத் தாண்டுவது, கிரியேட்டினின் 2-ஐத் தாண்டுவது, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குவது, எலும்பு அரித்துக் கரைவது. கால்சியம், சிறுநீரகம், ரத்தசோகை, எலும்பு என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் CRAB, அதாவது நண்டு என்ற சொல் வரும். மருத்துவ மாணவர்கள் மறக்காமலிருக்க அது போதும். 2014-இல் இன்னும் மூன்றைச் சேர்த்தார்கள்: மஜ்ஜையில் 60 சதவீதம் பிளாஸ்மா செல்கள், லைட் செயின் விகிதம் 100, எம்ஆர்ஐயில் ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சேதம் வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம். எலும்பைப் பார்க்கச் சாதாரண எக்ஸ்ரே போதாது. எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே அதில் தெரியும். அதனால் இப்போது குறைந்த கதிர்வீச்சு முழு உடல் சிடி எடுக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் ஆறுதலாகப் பேசிவிட்டு ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். முள் சின்னதாக இருந்தால் ஆபத்தும் சின்னது என்று எப்போதும் நம்ப முடியாது. சில நேரம் கூட்டம் சிறியது, அது செய்யும் புரதம் விஷமம் பிடித்தது. ஏஎல் அமிலாய்டோசிஸ் என்ற நோயில் லைட் செயின்கள் உருக்குலைந்து இதயம், சிறுநீரகம், நரம்பு என்று போய்ப் படிகின்றன. மொத்தப் புரதம் இயல்பாக இருக்கும். ஆனால் சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், இரண்டு கை மணிக்கட்டிலும் நரம்பு இறுகி விரல் மரத்துப்போகும், கண்ணைச் சுற்றி அடிபடாமலே கன்றிப்போகும், நாக்கு தடித்துப் பல் தடம் பதியும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், 'புரதம் நார்மல்தானே' என்று யாரும் சமாதானம் சொல்லக் கூடாது. லைட் செயின் பரிசோதனையும் இம்யூனோஃபிக்ஸேஷனும் கேட்டு வாங்க வேண்டும். ஐஜிஎம் வகை முள்ளுக்கும் தனிக் குணம் உண்டு. அது மைலோமாவைவிட வால்டன்ஸ்ட்ராம் என்ற வேறொரு ரத்தப் புற்றுநோயின் பக்கமே சாயும். மூலக்கூறு பெரியது என்பதால் அளவு கூடினால் ரத்தம் கெட்டியாகி, மூக்கில் ரத்தம் கசியலாம், பார்வை மங்கலாம். அப்படி ஆனால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

குளோபுலின் குறைவாக, 2-க்கும் கீழே இருந்தால் அறிக்கையில் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அடிக்கடி நிமோனியா வரும் ஒருவருக்கு அந்த எண் ஒரு துப்பு. பிறவியிலிருந்தே எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கலாம்; அல்லது ஒற்றைக் கூட்டம் லைட் செயினை மட்டும் செய்துகொண்டு, நல்ல பிளாஸ்மா செல்களை மஜ்ஜையிலிருந்து நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

எம்ஜியுஎஸ் என்று சொல்லப்பட்டவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லைட் செயின் அதிகமுள்ள சிறுநீரகத்துக்கு அவை ஆகாது. புதிதாக வந்து போகாமலிருக்கும் முதுகு வலி, காரணமில்லாத எடைக்குறைவு, சோர்வு இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடம் முன்பு வேறு எதற்கோ எடுத்த பரிசோதனையில் குளோபுலின் அதே 4.1 என்று இருந்தால், ரத்தவியல் மருத்துவருக்கு அது இன்னொரு ஸ்கேனைவிடப் பயன்படும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். முள்ளின் அடிவிளிம்பை எங்கே வெட்டி அளப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். 1.1, அப்புறம் 1.3, அப்புறம் 1.2 என்று வருவது பெரும்பாலும் அளவுகோலின் ஆட்டம்தான். நோய் வளர்கிறது என்று சொல்ல மருத்துவர்கள் குறைந்தது 0.5 கிராமாவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.